சுழி போட்ட கோப்பு

எங்கள் அலுவலகத்தில் கணினித் திரையில் வருவதைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிற ஒரே ஆள் சரிதா. மற்றவர்கள் முதலில் அழுத்துவோம். பிறகு, "என்னமோ கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன்" என்போம். பில் போடுவதற்காகச் சேர்ந்தவர் இந்த ஒரு குணத்தால் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனார். யாரும் நியமிக்கவில்லை. ஏதாவது கோளாறு என்றால் எல்லாக் கழுத்துகளும் அவர் மேசைப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

படிப்பது அவருக்கு ஒரு பழக்கம். பிஸ்கட் உறையின் பின்பக்கம், மெட்ரோவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டின் எறும்பு எழுத்து என எதையும் விடமாட்டார். அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சரிதா பிறந்தது இங்கேதான். இப்போது நாற்பது வயதிருக்கும். தங்கை பிரியங்கா பள்ளி ஆசிரியை. இருவரும் காளிகாட்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தங்கையோடு போனில் பேசும்போது திட்டுவது தமிழில், கொஞ்சுவது வங்காளத்தில்.

அலுவலகமும் காளிகாட்டில்தான். சந்துக்குள் ஒரு பழைய கட்டடம், கீழே கிடங்கு, மேலே நாங்கள். இட்லி அரிசி, நல்லெண்ணெய், பெருங்காயம், காபிக்கொட்டை, அப்பளம் எல்லாம் ஹவுராவில் இறங்கி இங்கே வரும். இங்கிருந்து நகரத்தின் கேன்டீன்களுக்கும் விடுதிகளுக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் போகும். முதலாளி வெங்கடநாராயணனின் தாத்தா தஞ்சாவூரிலிருந்து வந்து தொடங்கிய வியாபாரம். தலைமைக் குமாஸ்தா அனந்தகிருஷ்ணன், முதலாளியின் அப்பா காலத்து ஆள். முதலாளியே அவரை அனந்து மாமா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் கணினி வந்த நாளில் அனந்தகிருஷ்ணன் ஒரு எக்செல் கோப்பு தயார் செய்தாராம். உச்சியில் நடுவாகப் பிள்ளையார் சுழி, அதன் கீழே நிறுவனத்தின் பெயர், அதற்கும் கீழே கட்டங்கள். கோப்புக்கு 'ஆரம்பம்' என்று பெயர். அன்றிலிருந்து இங்கே புதுக் கோப்பு எதுவுமே புதிதாகப் பிறந்ததில்லை. ஆரம்பத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதில் எழுதுவோம். விலைப் பட்டியல், பில், லாரிச் சீட்டு, விடுப்புக் கடிதம்கூட. வெறும் வெள்ளைத் தாளில் தொடங்கினால் சரக்கு ஹவுராவிலேயே நின்றுவிடும் என்பார் அனந்தகிருஷ்ணன். பாதி விளையாட்டுதான். ஆனாலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்தக் கோப்பில் அவர் ஒரு மேக்ரோவும் வைத்திருந்தார். மேக்ரோ என்பது கோப்புக்குள் எழுதி வைக்கும் சின்னக் கட்டளை, தானாக ஓடும். தொகையை எண்ணில் அடித்தால் பக்கத்துக் கட்டத்தில் அது எழுத்தில் வந்து நிற்கும். ஒரே ஒரு தொல்லை உண்டு. மேக்ரோ உள்ள கோப்பைத் திறக்கும்போதெல்லாம் திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, அனுமதிக்கலாமா என்று கேட்கும். தினமும் அனுமதித்து அனுமதித்து அலுத்துப்போய் எல்லாரும் சரிதாவிடம் முறையிட்டோம். அவர் ஆரம்பம் இருந்த கோப்புறையை 'நம்பகமான இடம்' என்று எல்லாக் கணினியிலும் பதிவு செய்து வைத்தார். பிறகு பட்டை வரவில்லை.

ஜூலையில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, கார்டன் ரீச்சில் இருக்கும் ஒரு கேன்டீனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் அனுப்பிய விலைப் பட்டியலில் தீங்கான மேக்ரோ இருப்பதாகவும், சுத்தமான கோப்பு வரும்வரை எங்கள் மின்னஞ்சல் எதையும் ஏற்பதற்கில்லை என்றும் எழுதியிருந்தார்கள். மதியத்துக்குள் இன்னும் இரண்டு விடுதிகள் அதையே சொல்லின.

சரிதா நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பட்டியலைத் திறந்தார். மேக்ரோக்கள் ஓடாமல் தடுத்துவிட்டுத்தான் திறந்தார். கோப்பின் பின்பக்கத்தில், மேக்ரோ எழுதும் இடத்தில், அனந்தகிருஷ்ணனின் மேக்ரோவுக்குக் கீழே, பெயரே வாயில் நுழையாத இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அதையும் வரி வரியாகப் படித்தார்.

"திறக்கிற எல்லா ஃபைலுக்கும் தன்னையே காப்பி பண்ணுது. அப்புறம் இன்டர்நெட்ல எங்கேயோ போயி எதையோ இறக்கப் பாக்குது" என்றார். பிறகு பொதுவாகக் கேட்டார். "யாராவது பென் டிரைவ் போட்டீங்களா?"

ஜெயக்குமார் மட்டும் எழுந்து நின்றான். மதுரைப் பக்கத்துப் பையன். சரக்கு அனுப்பும் மேசையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறான். "நான் போட்டேன்க்கா. தங்கச்சி காலேஜ் ஃபாரம் பிரின்ட் எடுக்க. போன வாரம்."

பென் டிரைவ் போடக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சரிதா ஒட்டியதுதான்.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "எங்கேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சுதா?"

சரிதா ஒரு கணம் திரையைப் பார்த்தார். "அதுலேர்ந்துதான் வந்திருக்கணும் சார்."

"எத்தனை தடவை சொல்லியிருக்கு! மூணு பார்ட்டி மெயிலையே நிறுத்திட்டான். எங்கப்பா காலத்துலேர்ந்து வாங்கிண்டிருக்கறவா. உனக்குத் தங்கை ஃபாரம் பெரிசு, இல்லையா?" முதலாளிக்குக் கோபம் வந்தால் வங்காளம் கலக்காது, தமிழ் சுத்தமாகிவிடும். "நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

கிடங்கிலிருந்து மூட்டைக் கணக்குச் சொல்ல மேலே வந்தவர்கள்கூடப் படியிலேயே நின்றுவிட்டார்கள். ஜெயக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சரிதாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மேசை இழுப்பறையிலிருந்து சீப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். குடையை மறந்துவிட்டான். யாரும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. நானும்தான்.

மறுநாள் சரிதா சுத்தப்படுத்த உட்கார்ந்தார். இதற்கென்று ஒரு பழைய மடிக்கணினியைத் தனியாக வைத்துக்கொண்டார். அதிலும் அலுவலகக் கோப்புகள் எல்லாம் இருந்தன; வைஃபையை அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டார். கெட்டுப்போன பட்டியலின் மூலத்தை முதலில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, தொடக் கூடாது என்று பெயரிட்டு ஒதுக்கினார். பிரதியை மட்டும் மேக்ரோவைத் தடுத்துத் திறந்தார்.

"அந்த மேக்ரோவை மட்டும் டிலீட் பண்ணாப் போறாதா?" என்று அனந்தகிருஷ்ணன் பின்னால் வந்து நின்று கேட்டார்.

"பண்ணலாம் சார். ஆனா வேற எங்கயாவது ஒளிஞ்சிருந்தா தெரியாது. உள்ள இருக்கிற எழுத்தையும் எண்ணையும் மட்டும் வெளிய எடுத்துட்டு ஃபைலையே விட்டுடுறது நல்லது."

"வீட்டை விட்டுட்டு சாமான மட்டும் எடுத்துண்டு வரா மாதிரி."

"ஆமா. மூட்டைப்பூச்சி வீட்டுலேர்ந்து."

அவர் சிரித்துக்கொண்டே போனார். சரிதா எண்களை நகலெடுத்தார், புதுக் கோப்பில் ஒட்டினார், சேமித்தார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, பழக்கம் விடாமல், புதுக் கோப்பின் பின்பக்கத்தையும் திறந்து பார்த்தார்.

வாயில் நுழையாத அந்தப் பெயர் அங்கே இருந்தது.

நான் எதிர் மேசையில் இருந்தேன். அவர் முகம் மாறவில்லை, சுட்டுவிரல் மட்டும் மௌஸின் மேல் அசையாமல் நின்றது. புதுக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி செய்தார். மறுபடியும் இருந்தது. மூன்றாம் முறை ஒவ்வொரு அடியையும் தனக்குத் தானே முணுமுணுத்தபடி செய்தார். "நெட் இல்ல. பென் டிரைவ் இல்ல. ஜெயக்குமார் இல்ல. பிரதியத் திறந்தாச்சு, மேக்ரோ ஓடல. காப்பி. அடுத்து ஆரம்பத்தத் திறந்து..."

அங்கே நிறுத்தினார்.

மூன்று முறையும் கை தானாகவே ஆரம்பத்துக்குப் போயிருந்தது. புதுக் கோப்பு என்றால் அவருக்கும் அதுதான், பதினான்கு வருடப் பழக்கம். மஞ்சள் பட்டை வந்து கேட்டிருந்தால் படித்திருப்பார். வரவில்லை. நம்பகமான இடத்திலிருந்து வந்த கோப்பு, கேள்வி கேட்காமல் ஓடிவிட்டது. நம்பகமான இடம் என்று எழுதி வைத்ததும் அவர்தான்.

ஆரம்பத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். அந்த வேண்டாத மேக்ரோ அதிலும் இருந்தது; கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதி பிப்ரவரி. ஜெயக்குமார் பென் டிரைவ் போட்டது ஜூலையில். பிப்ரவரியில் ஏதோ ஒரு மின்னஞ்சலோடு வந்த பில்லை யாரோ திறந்திருக்கிறார்கள், அதிலிருந்த மேக்ரோ ஆரம்பம் கோப்பில் குடியேறிவிட்டது. அதன் பிறகு இங்கே பிறந்த ஒவ்வொரு தாளும் அதோடுதான் பிறந்திருக்கிறது. வாங்குகிறவர்களின் கணினிகள் அதை இப்போதுதான் கண்டுபிடித்தன, அவ்வளவுதான்.

"நான் சொன்ன ஒரு வார்த்தைல அவன் போயிட்டான்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். கதவு மூடியிருந்தாலும் அந்தக் கண்ணாடிக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"பென் டிரைவ் இல்ல சார். நான் தப்பா சொல்லிட்டேன்."

முதலாளி தேதியைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "சரி, போன் பண்ணி வரச் சொல்லிடு. பென் டிரைவ் போட்டதும் தப்புதானே? அதுக்கு ஒரு நாள் ஆத்துல இருந்ததா இருக்கட்டும்."

சரிதா வெளியே வந்து போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தும் அவன் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "தம்பி, ஹவுராவுக்கு வாரியா? தனியாப் போனா நான் பாதி வழியிலயே திரும்பிடுவேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். அது உனக்கு நல்லாவே வரும்."

ஆற்றுக்கு அடியில் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் சரிதா ஹவுராவுக்குப் படகில்தான் போவார். பாபுகாட் படித்துறையில் ஏறினோம். மழை விட்டிருந்தது. ஹூக்ளி, பால் அதிகமாகிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று எங்களை விட வேகமாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. படகின் கம்பியில் எழுதியிருந்த 'சாயாதீர்கள்' என்ற வாசகத்தைச் சரிதா மூன்று மொழியிலும் படித்துவிட்டு, சாய்ந்து நின்றார்.

"அவன் பென் டிரைவ் போட்டேன்னு எந்திரிச்சு நின்னான் பாரு. சொல்லாம இருந்திருக்கலாம்ல? நானும் சட்டுன்னு..." என்று தொடங்கி, பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

ஜெயக்குமாரின் அறை, லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் மாடியில். இன்னும் மூன்று பேருடன் தங்கியிருக்கிறான். ஸ்டவ்வில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்தான், அணைக்கவில்லை.

"வாங்கக்கா. உக்காருங்க. கட்டில்தான் இருக்கு."

கட்டிலின் கீழே பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணிகள் உள்ளே, பாதி வெளியே.

"ஊருக்குப் போறியா?"

"வியாழக்கெழமைக்கு டிக்கெட் பாத்துருக்கேன். வெயிட்டிங் லிஸ்ட்டு. அதுகூட நம்ம நேரத்துக்கு ஏத்த மாதிரிதான்."

சரிதா எல்லாவற்றையும் சொன்னார், ஆரம்பம், தேதி, நம்பகமான இடம், மூன்று முறை தவறியது. எதையும் சுருக்கவில்லை. ஜெயக்குமார் கரண்டியால் ரசத்தைக் கிளறிக்கொண்டே கேட்டான்.

"அப்ப பிள்ளையார் சுழி போட்ட ஃபைலா இத்தன நாளும் நம்மளச் சுத்திச்சு?" சிரிப்பு வரப் பார்த்தது அவனுக்கு. அடக்கிக்கொண்டான்.

"சார் உன்னை வரச் சொல்லிட்டாரு."

"எங்க வச்சு சொன்னாரு?"

"ரூம்ல. என்கிட்ட."

"என்னைய வராதன்னு சொன்னது எங்க வச்சு?"

சரிதா பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூட்ட தூக்குறவங்கல்லாம் நின்னாங்கக்கா. நேத்தே ஒரு வார்த்த பேசிருப்பேன். நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும்னு எனக்கே தோணிருச்சு. வீட்டுக்கு வந்து, நம்ம பென் டிரைவுல அப்பிடி என்னதான் இருந்துச்சுன்னு நானே யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன்." கரண்டியைத் தட்டின் மேல் வைத்தான். "நான் வாரேன். எல்லாரும் இருக்கையில நீங்க சொல்லணும். அவரும் சொல்லணும். இல்லாட்டி வியாழக்கெழமை நான் வண்டி ஏறிருவேன். கோவத்துல சொல்லலக்கா. அங்க வந்து உக்காந்தா, எல்லாப் பயலும் பென் டிரைவுக்காரன்னுதான பாப்பான்."

"நான் சொல்றேன். அவரைப் பத்தி நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார் சரிதா.

"நீங்க கேளுங்க. போதும். ரசம் சாப்புட்டுப் போங்க."

சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல். யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை சரிதா முதலில் அனந்தகிருஷ்ணனிடம் போனார். எல்லார் முன்னாலும் சொல்வதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

அனந்தகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என் ஃபைல்லயா? ஏம்மா, நான் எழுதின மேக்ரோ ரூபாயை எழுத்துல போடும். வேற ஒரு பாவமும் அறியாது."

"உங்களோடது அப்படியேதான் இருக்கு சார். அதுக்குப் பக்கத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துடுச்சு. உங்களோடது ஓடணும்னு நாம கதவைத் திறந்தே வச்சிருந்தோம்."

"அப்போ ரெண்டையும் எடுக்கணுமா?"

"மேக்ரோவே வச்சுக்க முடியாத மாதிரி ஃபைலா மாத்திட்டா பயமில்ல. எக்ஸெல்எஸ்எக்ஸ்னு இருக்கில்ல, அது. எழுத்துல தொகையை இனிமே நாமதான் அடிக்கணும்."

"சுழி?"

"சுழி வெறும் எழுத்துதானே சார். நீங்களே வெள்ளைத் தாள்ல போட்டுக் குடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஆரம்பத்தின் வாடையே படாத புதுக் கணினி ஒன்றில், வெறும் வெள்ளைத் தாளைத் திறந்து, தன் வாழ்க்கையில் முதல் முறையாக என்று சொல்லிக்கொண்டே, உச்சியில் சுழியை அடித்தார்.

சரிதா அதன் பிறகு அதே கணினியில், வேறொரு இலவச மென்பொருளில், மேக்ரோ என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி பூட்டிவிட்டு, பட்டியலை மறுபடி எடுத்தார். எண்களை மட்டும் புதுத் தாளுக்கு மாற்றினார். பின்பக்கம் காலியாக இருந்தது. மூடித் திறந்து மறுபடியும் பார்த்தார். மற்ற கணினிகள் ஒவ்வொன்றிலும் நம்பகமான இடம் என்ற பதிவை நீக்கினார். எக்செல் திறக்கும்போதே கூடத் திறந்துகொள்ளும்படி அந்த மேக்ரோ ஒளித்து வைத்திருந்த கோப்பையும் தேடிப் பிடித்து அழித்தார். பழைய ஆரம்பத்தைப் பூட்டி ஒதுக்கினார்.

பதினோரு மணிக்கு ஜெயக்குமார் வந்தான். உள்ளே வரவில்லை, படியின் மேல்தட்டில் நின்றான். டீ வரும் நேரம் அது. கிடங்கு ஆட்களும் மேலே வந்திருந்தார்கள்.

சரிதா எழுந்தார். "எல்லாரும் கேளுங்க. ஜெயக்குமார் பென் டிரைவால ஒண்ணும் வரல. பிப்ரவரிலேர்ந்தே நம்ம ஆரம்பம் ஃபைல்ல இருந்திருக்கு. நான் சரியாப் பாக்காம அவன் மேல சொல்லிட்டேன். தப்பு என்னோடது." அதையே வங்காளத்திலும் சொன்னார், கிடங்கு ஆட்களுக்காக. வங்காளத்தில் இன்னும் நீளமாக இருந்தது.

பிறகு கண்ணாடி அறையின் வாசலுக்குப் போனார். முதலாளி வாசலில்தான் நின்றிருந்தார்.

"சார், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"அதான் நீ சொல்லிட்டியே."

"வர வேண்டாம்னு சொன்னது நான் இல்லையே சார்."

அனந்தகிருஷ்ணன் தன் திரையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் கழுத்து சிவந்தது. அவர் அறைக்குள் திரும்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சரிதா நகரவில்லை, வழியிலும் நிற்கவில்லை.

முதலாளி கூடத்தைக் கடந்து படிவரைக்கும் நடந்தார். ஜெயக்குமாரின் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார், தமிழில் ஒன்றும் வரவில்லை. சிறுவயதில் தெருவில் விளையாடிச் சண்டை போட்டுச் சமாதானமான மொழியில்தான் வந்தது.

"கிச்சு மொனே கொரோ நா, பாய்" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதே தம்பி என்று அர்த்தம். எட்டு மாத வங்காளத்தில் ஜெயக்குமாருக்கு அது புரிந்ததா என்று எல்லாரும் பார்த்தோம். அவன் ஈரச் செருப்பைப் படியிலேயே கழற்றினான்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணணும் சார். நெட் இருக்கா?"

"கேபிளை இப்பத்தான் மாட்டினேன், வா" என்றார் சரிதா.